வாடகை ஒப்பந்தத்தின் ஆங்கிலம்: இலக்கணத்தை விடுங்கள், தேதி இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மாதம் 18,000 ரூபாய்க்கு வீடு பார்த்திருக்கிறோம். அட்வான்ஸ் ஒரு லட்சம். புரோக்கர் ஆங்கிலத்தில் ஒப்பந்தம் தயாரித்துக் கொண்டுவந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு வரிக்கு வரி இலக்கணப் பிழை என்கிறாள். ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் திருத்தியும் கொடுத்தாள். புரோக்கரோ, "இது கோர்ட் ஃபார்மட், ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது" என்கிறார். கையெழுத்துப் போடலாமா? — ஒரு வாசகி

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அம்மா. ஆனால் அதற்குக் காரணம் இலக்கணப் பிழை இல்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு நகல்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். புரோக்கரின் நகலில் அட்வான்ஸ் பற்றிய வரி இது: 'அட்வான்ஸ் வில் பி ரீஃபண்ட் ஆஃப்டர் வெக்கேட்டிங் லெஸ் டேமேஜஸ் இஃப் எனி அஸ் அப்ளிகபிள்'. அதாவது, காலி செய்தபின், சேதம் ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தருவார்களாம். ஆப் என்ன செய்திருக்கிறது? 'ரீஃபண்ட்' என்பதை 'ரீஃபண்டட்' ஆக்கியிருக்கிறது, முன்னால் ஒரு 'தி' போட்டிருக்கிறது, இரண்டு கமா சேர்த்திருக்கிறது. வாக்கியம் இப்போது சுத்தம். ஆனால் பணம் எந்தத் தேதிக்குள் வரும், யார் தருவார், சேதம் என்று எதைச் சொல்கிறார்கள் என்ற மூன்றும் பழைய நகலிலும் இல்லை, புதிய நகலிலும் இல்லை.

'ரீஃபண்ட்' என்று தப்பாக எழுதியதற்காக யாரும் உங்கள் பணம் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். தேதி இல்லாததால்தான் அலைய வேண்டிவரும். காலி செய்தபின் கேட்டால், "அடுத்த ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்பார் உரிமையாளர். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினால், அதுவும் அவர் சொல்வதை மறுக்காது.

அந்த வரியை முழுவதுமாக அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள், உரிமையாளர் முன்பணம் ரூ.1,00,000-ஐ வாடகைதாரரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். வாடகை பாக்கி, மின் கட்டண பாக்கி, இணைப்புப் பட்டியலில் உள்ள பொருட்களைப் பழுது பார்த்த செலவு ஆகிய மூன்றை மட்டும், ரசீதைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.' இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது மனிதர் யார் படித்தாலும் ஒரே அர்த்தம்தான் வரும்.

ஒரு லட்சம் என்பதே அதிகம் என்பது வேறு விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 54,000 ரூபாய். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்று கூடவே ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். சென்னையில் பாதிப் பேர் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறார்கள்.

இப்போது 'டேமேஜஸ் இஃப் எனி'. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சண்டை இங்கேதான். காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம் என்று புரோக்கர் சொல்வார். வழக்கம்தான், ஆனால் எழுதாத வழக்கம் சட்டமாகிவிடாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவில், நியாயமான தேய்மானத்துக்கு வாடகைதாரரைப் பொறுப்பாக்கவில்லை. சுவர் வெளிறுவது, சோபா உரசிய தடம், நாள்பட்டுத் தளர்ந்த குழாய் எல்லாம் தேய்மானம். வாஷ்பேசின் உடைந்தால் அது சேதம். காலண்டருக்கு அடித்த ஆணி? குழந்தை ஹாலில் கிரேயானால் வரைந்த யானை? இவைதான் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அதனால் பெயின்டிங்கைச் 'சேதம்' என்ற சொல்லுக்குள் ஒளித்துவைக்க விடாதீர்கள். தனி வரி வேண்டும். ஒன்று, 'பெயின்டிங்குக்காக எந்தத் தொகையும் பிடிக்கப்படாது' என்று இருக்கட்டும். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லையா, 'இரண்டு ஆண்டுகளுக்குள் காலி செய்தால் மட்டும், பெயின்டிங்குக்கு ரூ.9,000 பிடிக்கப்படும், அதற்கு மேல் இல்லை' என்று தொகையைப் போட்டு முடித்துவிடுங்கள். இதில் ஒரு விதிவிலக்கு: சுவரில் நீங்களாக நிறம் மாற்றினாலோ, வால்பேப்பர் ஒட்டினாலோ, அதைப் பழையபடி ஆக்குவது உங்கள் செலவு. உரிமையாளர் வாயால் சரி என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். அவர் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் 'ஓகே' என்ற ஒற்றைச் சொல் போதாது, எந்த அறை, எந்த நிறம் என்று வர வேண்டும்.

அடுத்து, 'எய்தர் பார்ட்டி கேன் வெக்கேட் பை டூ மந்த்ஸ் நோட்டீஸ்'. இரு தரப்பும் காலி செய்யலாமாம். உரிமையாளர் எங்கிருந்து காலி செய்வார்? 'வாடகைதாரர் காலி செய்ய விரும்பினால் 60 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் காலி செய்யச் சொன்னாலும் அதே 60 நாள்' என்று மாற்றுங்கள். மாதக் கணக்கைவிட நாள் கணக்கு நல்லது.

வாடகை உயர்வு வரியில், 'ஆண்டுதோறும் 5 முதல் 10 சதவீதம், மார்க்கெட் நிலவரப்படி' என்கிற பொருளில் இருக்கிறது. 5-ஆ, 10-ஆ? உங்கள் ஒப்பந்தமே 11 மாதத்துக்குத்தான், அதில் ஆண்டு எங்கே வந்தது? எந்த வாடகையின் மேல் சதவீதம்? ஆரம்ப வாடகையின் மேல் 10 சதவீதம் என்றால் மூன்றாம் ஆண்டு 21,600. அப்போதைய வாடகையின் மேல் என்றால் 21,780. சதவீதமே வேண்டாம், 'புதுப்பித்தால் வாடகை ரூ.18,900' என்று ரூபாயில் போடச் சொல்லுங்கள்.

'லெஸ்ஸர்' (உரிமையாளர்), 'லெஸ்ஸீ' (வாடகைதாரர்) என்ற இரண்டு சொற்களையும் எங்கே பார்த்தாலும் அடித்துவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் என்றே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். உங்கள் நகலின் ஏழாவது பத்தியில், மாதம் 5-ஆம் தேதிக்குள் லெஸ்ஸர் வாடகை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது வீட்டுக்காரர் உங்களுக்கு வாடகை கொடுக்க வேண்டும்! மகளின் ஆப் இதைத் தொடவே இல்லை. இலக்கணப்படி அது சரியான வாக்கியம்தானே. எந்த ஊர் ஒப்பந்தத்திலிருந்தோ நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் இப்படித்தான் வரும். அதற்கு ஒரு கட்டணமும் வாங்கிக்கொள்வார்கள்.

'கோர்ட் ஃபார்மட்' என்று ஒன்று கிடையாது. ஸ்டாம்ப் பேப்பர் விற்கும் கடையின் கம்ப்யூட்டரில் கிடக்கும் கோப்புக்கு வைத்த பெயர் அது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்களும் உரிமையாளரும் தமிழ் படிப்பவர்கள் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். உரிமையாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அந்த 11 மாதக் கதையும் பழசு. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்க வந்த கணக்கு அது. 2017 சட்டத்துக்கு 11 மாதம், 12 மாதம் என்ற பேதம் இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை உங்களுக்கு ஒரு பத்திரிகைப் பத்தி சொல்ல வேண்டியிருக்கிறது. தெளிவான தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் கடைதோறும் தொங்கவிட அரசுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

சரி, புரோக்கர் மறுபடி டைப் செய்ய மறுத்தால் பேனாவாலேயே திருத்துங்கள். அடித்த ஒவ்வொரு வரிக்கும், எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நீங்களும் உரிமையாளரும் சுருக்கொப்பம் போட வேண்டும். புரோக்கரின் ஒப்பம் அங்கே எதற்கும் உதவாது. ஃபேன், கீசர், குழாய், கதவுப் பூட்டு என்று பொருட்களின் பட்டியலையும், சாவி வாங்கிய அன்றைய மின் மீட்டர் அளவையும் தனித் தாளில் எழுதி இணையுங்கள். அதிலும் இருவர் கையெழுத்தும் வேண்டும். அட்வான்ஸைப் புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், உரிமையாளரின் கணக்குக்கே அனுப்புங்கள்.