ஹெல்ப் கோப்பு எங்கே போயிற்று?

கேள்வி: லினக்ஸில் இயங்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். விளக்கக் கோப்புகளை நிறுவல் ஸ்கிரிப்ட் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் கோப்புறையில் வைக்கிறது. ஹெல்ப் கட்டளையும் அங்கிருந்தே படிக்கிறது. என் கணினியில் சிக்கலே இல்லை. டெபியன் ஸ்லிம் டாக்கர் இமேஜில் (டெபியன் லினக்ஸின் அளவு குறைத்த, கன்டெய்னரில் ஓட்டும் தொகுப்பு) என் டெப் பேக்கேஜை நிறுவியவருக்கு ஹெல்ப் வரவில்லை. ஓப்பன்சூசே என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்குப் பேக்கேஜ் கட்டுபவரோ பாதையே தவறு என்கிறார். எதைத் திருத்துவது?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு தவறுகள். டாக்கரில் நடந்ததுதான் பெரியது. இடத்தை மிச்சப்படுத்த, டாக் கோப்புறைக்குள் பதிப்புரிமைக் (காப்பிரைட்) கோப்பைத் தவிர வேறெதையும் எழுதாதே என்று ஸ்லிம் இமேஜ், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜிக்குச் சொல்லி வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பேக்கேஜில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் உங்கள் ஹெல்ப் கோப்பும் அதில் வரும். வட்டில் தேடினால்தான் இருக்காது. இதை அறியாமல் ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

இமேஜைக் குறை சொல்ல முடியாது. டாக் கோப்புறையில் உள்ள எதையும் நம்பி நிரல் இயங்கக் கூடாது என்பது டெபியனின் விதி. நிரல் ஓடும்போது திறக்கும் கோப்பு, பெயர் ஹெல்ப் என்றிருந்தாலும், தரவுதான். அதை /யூஎஸ்ஆர்/ஷேர் கீழே உங்கள் பேக்கேஜின் பெயரில் உள்ள கோப்புறைக்கு மாற்றுங்கள். மனிதர் படிக்கும் ரீட்மீ, மாற்றக் குறிப்புகள் போன்றவை மட்டும் டாக்கில் இருக்கட்டும்.

அடுத்தது பாதை. ஓப்பன்சூசே, டாக்குக்குள் ‘பேக்கேஜஸ்’ என்று இன்னொரு அடுக்கு வைத்திருக்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2013-இல், 20-ஆம் பதிப்பிலிருந்து, கோப்புறைப் பெயரில் இருந்த பதிப்பு எண்ணை நீக்கிவிட்டது. ஆகவே ஊகிக்காமல், கட்டுபவர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கென்றே டாக்டிர் என்ற மாறி இருக்கிறது, கட்டுவதற்கான அமைப்பு ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் கருவியில் 2.60-ஆம் பதிப்பிலிருந்து தானாகக் கிடைக்கும். கையால் எழுதிய மேக்ஃபைல் (கட்டும், நிறுவும் கட்டளைகள் உள்ள கோப்பு) என்றால், அதே பெயரில் ஒரு மாறியை வைத்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தினால் போதும்.

பேக்கேஜ் கட்டும்போது கோப்புகளை ஒரு தற்காலிகக் கோப்புறைக்குள் நிறுவ உதவும் டெஸ்ட்டிர் மாறியை, கோப்பை நகலெடுக்கும் வரியில் மட்டும் முன்னால் சேர்க்க வேண்டும். நிரலுக்குள் பதியும் பாதையில் அது நுழைந்துவிட்டால், பேக்கேஜ் கட்டிய கணினியின் தற்காலிகக் கோப்புறையை உங்கள் பயனர் கணினியில் நிரல் தேடிக்கொண்டிருக்கும்.

திருத்திய பின், டெஸ்ட்டிருக்கு ஒரு காலிக் கோப்புறையையும் டாக்டிருக்கு யாரும் வைக்காத ஒரு பாதையையும் கொடுத்து, சாதாரணப் பயனராகவே நிறுவிப் பாருங்கள். ஸ்கிரிப்டில் டெஸ்ட்டிர் சேராத பழைய பாதை எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அனுமதி இல்லை என்ற பிழைச் செய்தி அந்த வரியைக் காட்டிக்கொடுத்துவிடும்; டெஸ்ட்டிர் சேர்ந்த பழைய பாதை என்றால், அந்தக் காலிக் கோப்புறைக்குள் பழைய பாதை முளைத்திருக்கும்.