ஜீனா, தாது உப்பா? கன்று ஈன்றதும் படுத்துவிடும் ஜெர்சி மாடு

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் என் தம்பி நான்கு ஜெர்சி கலப்பின மாடுகளும் சில செம்மறி ஆடுகளும் வைத்திருக்கிறான். நான் இங்கிருந்து பணம் அனுப்புகிறேன். இரண்டு மாடுகள் கன்று ஈன்ற மறுநாளே எழ முடியாமல் படுத்துவிட்டன, ஒன்று செத்துவிட்டது. ‘ஜீன் கோளாறு, வால் முடியை அனுப்பினால் ஜீன், தாதுச்சத்து இரண்டையும் பார்த்துத் தருவோம், மாட்டுக்கு 4,500 ரூபாய், இல்லையென்றால் பேசாமல் ஏ2 மாடு வாங்குங்கள்’ என்கிறார் தரகர். ஜொகூரில் பன்றிப் பண்ணைக்கு விற்கும் தாது உப்பு மூட்டை மலிவு என்று நண்பர் சொல்கிறார், வாங்கி அனுப்பலாமா? (சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: முதலில் அந்த மூட்டையை மறந்துவிடுங்கள். பன்றி வேகமாக வளர, அதன் தீவனத்தில் கிலோவுக்கு 125 முதல் 250 மில்லிகிராம் வரை செம்பு சேர்க்கும் வழக்கம் உண்டு, பன்றி அதைத் தாங்கும். மாட்டுக்குத் தேவை சுமார் 10 மில்லிகிராம்தான். செம்மறிக்கு 15 தாண்டினாலே ஆபத்து. செம்பு உடனே கொல்லாது, மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே இருந்து ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும், அப்போது சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், அதன் பிறகு யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதில் இனத்துக்கும் பங்கு உண்டு. ஒரே தீவனத்தைப் போட்டாலும் ஹோல்ஸ்டீனைவிட ஜெர்சியின் ஈரலில் செம்பு கூடுதலாகத் தங்கும். மாடு, பன்றி, செம்மறி மூன்றும் கால்நடைதான், ஆனால் உப்பு ஒன்றல்ல. விற்பவர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு மூட்டை தீர்ந்தால் போதும்.

சரி, மாடு ஏன் படுத்தது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பால் காய்ச்சல் மாதிரிதான் தெரிகிறது. பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, காது சில்லென்று இருக்கும். மாட்டின் ரத்தத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மொத்தமே 3 கிராம் அளவுதான், ஆனால் 10 லிட்டர் சீம்பாலில் 23 கிராம் வெளியே போய்விடுகிறது. அந்தப் பள்ளத்தை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்து நிரப்ப வேண்டும், அந்த வேலை சூடுபிடிக்க ஓரிரு நாள் ஆகும். தலைச்சன் மாடு சமாளித்துவிடும். மூன்றாம் ஈத்துக்கு மேல்தான் தடுமாற்றம். ஜெர்சிக்குக் குடலில், சுண்ணாம்புச் சத்தை உள்ளே எடுக்க உதவும் வைட்டமின் டி வந்து ஒட்டும் இடங்கள் குறைவு, அதனால் இன்னும் தடுமாற்றம். ஆக, ஜீனுக்கும் பங்கு இருக்கிறது, தரகர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘இந்த மாடு படுக்கும், இது படுக்காது’ என்று காட்டும் ஒற்றை ஜீன் கிடையாது. முடியின் வேரில் மரபணு பார்க்கலாம், அதுவும் உண்மைதான். அதே முடியில் தாதுச்சத்து பார்க்கிறேன் என்பதுதான் மோசடி. சாணியும் மண்ணும் மூத்திரமும் பட்ட வால் முடியில் மாட்டுக் கொட்டகையின் கணக்குதான் வரும், மாட்டின் கணக்கு வராது. ஒருமுறை ஒரே பையில் இருந்த தீவனத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன், வந்தவை இரண்டு வேறு விடைகள். தீவனத்துக்கே அந்தக் கதி என்றால் வால் முடிக்கு?

ஏ2 என்பது பாலில் இருக்கும் ஒரு புரதத்தின் வகை, மாடு எழுந்து நிற்பதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பால் பொட்டலங்களில் ஏ1, ஏ2 என்று போடக் கூடாது என்றது, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேலிடமே இப்படி ஆடினால் தரகருக்குக் கொண்டாட்டம்தான்.

ஜீனும் தாது உப்பும் நிஜமாகவே கைகோக்கும் நோய் ஒன்று உண்டு, சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஐரோப்பாவில் ஃப்ரீசியன் இனக் கன்றுகளில் கண்டது. பிறக்கும்போது நன்றாக இருக்கும், ஒன்றிரண்டு மாதத்தில் வாயைச் சுற்றியும் கால்களிலும் தோல் பொருக்குத் தட்டி, கழிச்சல் கண்டு, சவலையாகிச் செத்துப்போகும். காரணம், துத்தநாகத்தைக் குடலிலிருந்து உள்ளே எடுக்கும் ஜீன் உடைந்திருப்பது. தாய், தகப்பன் இரண்டும் அந்த ஜீனைச் சுமந்தால்தான் கன்றுக்கு வரும். வாய்வழியாக நிறையத் துத்தநாகம் கொடுத்தால் சில வாரங்களில் தோல் பளபளவென்று ஆகிவிடும், நிறுத்தினால் மறுபடி வரும், ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டும். அதாவது உடைந்த ஜீனையும் ஒரு பிடி உப்பு தாங்கிப் பிடிக்கிறது, எனக்கு இன்றும் இது ஆச்சரியம்தான். உங்கள் தம்பியின் ஜெர்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இந்த மாதிரிக் கதையின் பாதியை எங்கோ கேட்டுவிட்டுத்தான் பரிசோதனை விற்க வருகிறார்கள்.

இனி தம்பி செய்ய வேண்டியது. சினை முற்றிய கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக் பாட்டிலைத் தொடவே கூடாது. ‘கன்று போடப் போகிறது, சத்து ஏற்றுவோம்’ என்று அப்போதுதான் எல்லோரும் ஊற்றுகிறார்கள், மருந்துக்கடைக்காரரும் பெட்டியோடு கொடுக்கிறார். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்து தூங்கிவிடும். சாணமும் யூரியாவும் கொட்டி வளர்த்த கம்பு நேப்பியர் புல்லையும் அந்த நாட்களில் குறைக்கட்டும், அதில் பொட்டாசியம் அதிகம், அதுவும் இந்த வேலையைக் கெடுக்கும். டானிக் கொடுக்க வேண்டியது கன்று ஈன்ற அன்றும் மறுநாளும்தான். கறவை மாட்டுக்கான தாது உப்புக் கலவை ஊரிலேயே கிடைக்கும், பால் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு 50 கிராம் போதும், ஜொகூர் வரை போக வேண்டாம்.

மாடு படுத்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும், செத்த மாட்டுக்கும் அப்படித்தான் ஆனதோ என்னவோ. நெஞ்சுப்பக்கமாக நிமிர்த்தி உட்காரவைத்து, வைக்கோல் கட்டுகளை அண்டை கொடுத்து, டாக்டரைக் கூப்பிடட்டும். நரம்பில் கால்சியத்தை மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். பக்கத்து வீட்டு ‘ஊசி போடத் தெரிந்தவர்’ ஐந்து நிமிடத்தில் ஏற்றினால் மாடு அங்கேயே போய்விடக்கூடும்.

அடுத்த சினை ஊசி போடும்போது காளை எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாட்டின் காதில் 12 இலக்க வில்லை தொங்குகிறது, கணினியில் எல்லாம் ஏற்றியாயிற்று என்கிறார்கள், ஆனால் எந்தக் காளையின் விந்து என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். ஒரே காளை தாய்க்கும் மகளுக்கும் போய்க்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்குக் கட்டும் மாட்டோடு படம் எடுத்துக்கொள்ளும் நமக்கு இதெல்லாம் தூரத்து விஷயம், பணம் அனுப்புகிறவர் கேட்டால்தான் அங்கே அசைவார்கள்.

நாலு மாடும் எத்தனையாவது ஈத்து, படுத்த இரண்டும் ஈன்று எத்தனை மணி நேரத்தில் படுத்தன, என்ன தீவனம் என்று தம்பி எழுதி அனுப்பட்டும். கடைசி மாதம் எத்தனை பாட்டில் டானிக் போனது என்பதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.