மின்னோட்டம் 600 என்கிறது, ஒளி 200 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டு மாணவன். ஒளிர்சாயம் ஏற்றிய டிஎன்ஏவை நானோதுளை (சில்லு ஒன்றிலுள்ள மிக நுண்ணிய துளை) வழியே ஒவ்வொன்றாக அனுப்பி, மின்னோட்டத்தையும் லேசர் ஒளிர்வையும் சேர்த்துப் பதிவு செய்கிறோம். பத்து நிமிடத்தில் மின்னோட்டத்தில் 600 சரிவுகள், ஒளியில் 200 துடிப்புகள்தான். லேசர் பழுது என்கிறான் நண்பன். எந்தப் பதிவைக் கைவிடுவது?

பதில்: எதையும் கைவிடாதீர்கள், தம்பி. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு ஆளை எண்ணும், சட்டையின் நிறம் அதற்குத் தெரியாது. சிவப்புச் சட்டையை மட்டும் தேடும் கேமராவோ மற்றவர்களைப் பார்ப்பதே இல்லை. இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

துளைக்குள் டிஎன்ஏ நுழைந்ததும், உப்புக்கரைசலில் மின்சாரத்தைச் சுமக்கும் அயனிகளின் வழி அடைபட்டு மின்னோட்டம் சரிகிறது. ஒரு பிகோ ஆம்பியர் (ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்பதே வினாடிக்கு ஏறத்தாழ 6.2 மில்லியன் அயனிகள். அதனால் சிறிய அடைப்பும் தெரிந்துவிடுகிறது. ஒளிக்கு அந்த வசதி இல்லை. சாயம் ஒட்டாத டிஎன்ஏ இருட்டாகவே கடக்கும், லேசரில் வெளுத்துப்போன சாயமும் அப்படித்தான்.

இப்போது ஒரு கணக்கு. உங்களுக்கு வினாடிக்கு ஒரு சரிவு. ஒவ்வோர் ஒளித்துடிப்புக்கும் முன்னும் பின்னும் 5 மில்லிவினாடி தேடினால், தற்செயலாகச் சரிவு அகப்பட நூற்றில் ஒரு வாய்ப்பு. 200 துடிப்புக்கு இரண்டு. ஒளித்துடிப்புப் பதிவை இரண்டு வினாடி தள்ளிவைத்து, சரிவோடு ஒத்துவரும் துடிப்புகளை எண்ணினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். தள்ளாமல் எண்ணும்போது நூறைத் தாண்டினால் லேசர் நன்றாகவே இருக்கிறது. இரண்டு பதிவும் ஒரே கடிகாரத்தில் ஓடியிருக்க வேண்டும். இதைத்தான் மாணவர்கள் மறக்கிறார்கள்.

அடுத்து, டிஎன்ஏ இல்லாமல் வெறும் உப்புக்கரைசலை வைத்து லேசரை மறைத்தும் திறந்தும் பாருங்கள். மின்னோட்டம் துள்ளினால் ஒளியே உங்கள் மின்பதிவைக் கெடுக்கிறது: கரைசல் ஒரு டிகிரி சூடேறினால் மின்கடத்துதிறன் சுமார் 2% கூடும், சில்லிலுள்ள சிலிக்கனும் ஒளிக்கு எதிர்வினை காட்டும். சரிவுகள் 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால் அவை டிஎன்ஏ அல்ல, நம் 50 ஹெர்ட்ஸ் சுவர் மின்சாரம். சில்லின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஈரம் இழுத்து மின்கசிவுக்கு வழி செய்யும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதன் பயனுக்கு ஒரு சான்று: சாந்தா குரூஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் ஷ்மிட் குழு 2014இல் எச்1என்1 காய்ச்சல் வைரஸையும் அதே அளவு நானோமணிகளையும் (மிக நுண்ணிய உருண்டைகள்) ஒரே கலவையில் பிரித்தறிந்தது. அளவு ஒன்றாக இருப்பதால் மின்னோட்டத்தால் மட்டும் அது கடினம்.

சரிவே இல்லாத ஒளித்துடிப்புகள் உங்களிடமும் இருக்கும். துளையின் வாயருகே வந்து, உள்ளே போகாமல் திரும்பிய டிஎன்ஏவாக இருக்கலாம். மின்னழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். அவற்றின் பங்கு குறைகிறதா என்று குறித்து வையுங்கள்.