மகள் மியூசிக்கல் தியேட்டர் படிக்க ஆசைப்படுகிறாளா? நியூ ஜெர்சியில் உள்ள ஒரு தாய்க்கு

உங்கள் மகள் பதினோராம் வகுப்பு. பத்து வருடப் பரதம், அரங்கேற்றம் முடிந்தாயிற்று. பள்ளி மியூசிக்கலில் ஆடிப் பாடிய பிறகு, கல்லூரியிலும் இதையே படிப்பேன் என்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத இடத்திலேயே கிடைக்கும்.

மில்பர்னில் இருக்கும் பேப்பர் மில் ப்ளேஹவுஸுக்கு அவளை அழைத்துக்கொண்டு போய் ஒரு மியூசிக்கல் பாருங்கள். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் சேர்ந்த பிராட்வேக்கு வெளியே இயங்கும் வட்டார நாடக நிறுவனம் அது. 2016-இல் அந்தப் பிரிவுக்கான டோனி என்ற நாடக விருது பெற்றது. ஆட்டத்தை அவள் ரசிக்கட்டும், நீங்கள் அரங்கில் தரும் நிகழ்ச்சிப் புத்தகத்தைப் படியுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அவர் 1913-இல் தொடங்கிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற மேடை நடிகர் சங்கத்தின் உறுப்பினர், சங்க ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர். எத்தனை பேருக்கு அந்தக் குறி இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு, கூட்டமாக ஆடுகிறவர்களின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்: எங்கே படித்தார்கள், இதற்கு முன் எந்த ஊர்களில் ஆடினார்கள் என்று. கனெடிகட்டில் 400-க்கும் குறைந்த இருக்கைகள் கொண்ட குட்ஸ்பீட், செயின்ட் லூயிஸில் சுமார் 11,000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கான மூனி, சியாட்டிலின் ஃபிஃப்த் அவென்யூ என்று ஊர் ஊராகப் போயிருப்பார்கள். இந்தத் தொழிலின் உண்மையான வடிவம் இதுதான். ஓரிடத்தில் மாதச் சம்பளம் கிடையாது. சில வாரங்கள், சில மாதங்கள் என ஒப்பந்தங்கள். நடுவே வேறு வேலை. நடனப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது பலருக்கு வாடிக்கையான வருமானம். ஏஜென்ட் வைத்திருந்தால் பொதுவாகப் பத்து சதவீதம் அவருக்கு.

அதே புத்தகத்தில் 'ஸ்விங்', 'டான்ஸ் கேப்டன்' என்ற சொற்களையும் தேடுங்கள். டான்ஸ் கேப்டன், அமைத்த நடனம் மாறாமல் பார்த்துக்கொள்பவர். ஸ்விங் என்பவர் தினமும் மேடை ஏறுவதில்லை. ஆனால் ஐந்தாறு பேருடைய அசைவு, இடம், பாட்டில் அவரவர் குரல் வரிசை எல்லாம் தலையில் இருக்க வேண்டும். யாருக்காவது கணுக்கால் பிசகினால் அன்று மாலையே அவர் இறங்குவார். ஒழுங்கும் நினைவாற்றலும் உள்ள பெண்ணுக்கு இது நல்ல வேலை. அரங்கேற்ற உருப்படிகளின் வரிசையான மார்க்கம் முழுவதையும் மனப்பாடமாக ஆடியவளுக்கு அந்த மூளை ஏற்கெனவே பழகியிருக்கிறது.

பரதம் வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜாஸ் நடனத்தின் வேர் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுடையது. ஹார்லெமின் சவாய் பால்ரூமில் வளர்ந்த லிண்டி ஹாப் போன்ற ஆட்டங்களிலிருந்து வந்தது. இதை உங்கள் மகள் மரியாதையோடு தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆட்டத்தை மேடைக்கான ஜாஸாக வடித்தவர்களில் முதன்மையானவர் ஜாக் கோல். அவர் லா மெரி என்ற நடனக்காரியிடம் பரதநாட்டியம் கற்று, அந்த அசைவுகளை ஸ்விங் என்ற ஜாஸ் இசை வகைக்கு அமைத்து ஆடினார். தாழ்ந்த முழங்கால், உடலின் ஒரு பகுதியை மட்டும் தனித்து அசைப்பது, கூர்மையான கண், கை என்று அவர் வழியாகப் பிராட்வே மேடைக்குள் போனவற்றில் நம் அடவுகளின் சாயல் உண்டு.

ஆனால் கல்லூரி சேர்க்கைக்காக ஆடிப் பாடிக் காட்டும் தேர்வறையில் இந்த உறவு மதிப்பெண் தராது. அங்கே அடிக்கடி தவறுவது இவைதான். அரைமண்டியில் பழகிய கால் தானாக வெளிப்பக்கம் திரும்பும். ஜாஸ் பெரும்பாலும் பாதங்கள் இணையாக இருக்கக் கேட்கும். பாதம் முழுவதையும் தட்டிப் பழகியதால் குதித்து இறங்கும்போதும் 'தொம்' என்று விழும். விரல், முன்பாதம், குதிகால் என்ற வரிசையில் இறங்கப் பழகாவிட்டால் முன்னங்கால் எலும்பு நோகும், குதிகால் வைத்த ஷூவில் முழங்காலும் போகும். நிமிர்ந்த முதுகு அழகுதான், ஆனால் வயிற்றை உள்ளிழுத்து முதுகை வளைக்கச் சொன்னால் உடல் மறுக்கும். சுழலும்போது பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையைக் கடைசியாகத் திருப்பும் பழக்கம் இல்லாவிட்டால் இரண்டாவது சுற்றிலேயே தள்ளாடும். இதற்கெல்லாம் மருந்து பாலே. வாரம் இரண்டு பாலே, ஒரு ஜாஸ், ஷூவால் தாளம் தட்டி ஆடும் டாப் ஒரு வகுப்பு என்று இப்போதே தொடங்கினால் பத்து மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

தாளத்தில் அவளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஸ்விங் நடையைத் திஸ்ரத்தில் 'தகிட' சொல்லி நடுவில் 'கி'யை விழுங்கிவிட்டால் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். எட்டு எண்ணிக்கை என்பதும் ஆதி தாளத்துக்குப் பழக்கமானதே. சிக்கல் அழுத்தத்தில் வரும். நமக்குச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில் விழும்; ஜாஸில் இரண்டு, நான்கு, ஆறு, எட்டில் விழும். நடந்துகொண்டே எட்டு எண்ணி இரட்டை எண்களில் மட்டும் கை தட்டச் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், இரண்டு வாரத்தில் உடம்பில் ஏறிவிடும்.

அதைவிடக் கடினம் வேகம். ஒரு வர்ணத்தை மாதக்கணக்கில் கற்றவள், இங்கே நடன இயக்குநர் இருபது முப்பது நிமிடத்தில் சொல்லித்தரும் அசைவுகளை உடனே நாலைந்து பேர் கொண்ட குழுவில் ஆடிக் காட்ட வேண்டும். ஆசிரியர் வந்து திருத்துவார் என்று காத்திருந்தால் முடிந்துவிடும். நியூயார்க்கின் பிராட்வே டான்ஸ் சென்டர், ஸ்டெப்ஸ் ஆன் பிராட்வே போன்ற இடங்களில் தனி வகுப்புக்குக் கட்டணம் கட்டிச் சேரலாம். மாதம் இரண்டு முறை ரயிலேறிப் போய், முகம் தெரியாதவர்கள் நடுவில் புது அசைவைக் கற்றுவரட்டும். பின்வரிசையில் ஒளிந்துகொள்ளக் கூடாது.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தோற்பது இதில்தான். கர்நாடக சங்கீதத்தில் ஐந்தரைக் கட்டை என்று தன் சுருதியை வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் அதில் பாடலாம். இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதிவைத்த சுருதி உண்டு. தேர்வறையில் பியானோக்காரரிடம் "கொஞ்சம் இறக்கி வாசியுங்கள்" என்று கேட்கக் கூடாது. அவளுக்கு ஏற்ற சுருதியில் அச்சிட்ட தாளையே கொண்டுபோக வேண்டும். பதினாறு பார், முப்பத்திரண்டு பார் (பார் என்பது இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்) என்று வெட்டிய பகுதிகள், தொடங்கும் இடமும் முடியும் இடமும் பளிச்சென்று குறித்து, இருபக்கமும் அச்சிட்டு, வெளிச்சம் பட்டால் பளபளக்காத உறையில் கோப்பாக இருக்கட்டும். பதினாறு பார் என்பது அரை நிமிடம்தான். வேகம் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது. இரண்டு வரி மெல்லப் பாடிக் காட்டினால் போதும். கமகம் இல்லாமல் ஒரு ஸ்வரத்தை நேராக நிறுத்துவது, மேல் ஸ்தாயியில் தொண்டையை இறுக்காமல் உரத்துப் பாடுவது, இசைத்தாளைப் பார்த்தவுடன் பாடுவது ஆகிய மூன்றுக்கும் இந்தத் துறை தெரிந்த குரல் ஆசிரியர் வேண்டும். யூடியூபைப் பார்த்து உரத்துப் பாடப் பழகி, குரல் நாணில் முடிச்சு விழுந்தால் அந்த வருடம் போயிற்று.

காலக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வரும் கோடைக்குள் மாறுபட்ட இரண்டு பாட்டு, இரண்டு வசனப் பகுதி தயாராக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பர் முதல் நவம்பர் வரை முன்தேர்வு வீடியோக்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நேரில் ஆடிப் பாடிக் காட்டும் தேர்வுகள், மே 1 பொதுவாக முடிவு சொல்லும் நாள். வீடியோவை வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள். நடனத்தில் பாதம் வரை தெரிய வேண்டும். பின்னணி பியானோ அவள் குரலை அமுக்கக் கூடாது. வீட்டில் எடுக்கும் பல வீடியோக்கள் இதில்தான் கெடுகின்றன.

பட்டத்தில் இரண்டு வகை. நுண்கலை இளங்கலைப் பட்டமான பி.எஃப்.ஏ.வில் பெரும்பாலான பாடங்கள் மேடைக்கலையே. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான சி.சி.எம்., மிச்சிகன், கார்னகி மெலன் பல்கலைக்கழகங்கள் போன்ற இடங்களில் ஆண்டுக்கு மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள், விண்ணப்பிப்பவர்களோ ஏராளம். பி.ஏ.வில் மேடைக்கலை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கணக்கியலோ உளவியலோ இரண்டாவது பாடமாகப் படிக்க இடமிருக்கும். பட்டியலில் இரண்டும் கலந்து பத்து, பன்னிரண்டு கல்லூரிகள் இருக்கட்டும். அதில் குறைந்தது இரண்டு, நடிப்புத் தேர்வே இல்லாமல் சேரக்கூடிய பி.ஏ.வாக இருக்க வேண்டும். மேடை மேலாண்மை, ஒளியமைப்பு போன்ற வேலைகளையும் அவள் முதல் வருடத்திலேயே தொட்டுப் பார்க்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வீசா நிலையைப் பாருங்கள். அவள் எச்-1பி வேலை வீசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4-இல் இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது, ஊதியத்துக்கு ஆட முடியாது, 21 வயதானதும் அந்த நிலையும் முடிந்துவிடும். மாணவர் வீசாவான எஃப்-1-க்கு மாறினால் படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம்தான், கணினித் துறைக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு நாடகத்துக்கு இல்லை. கிரீன் கார்டு வரிசை எங்கே நிற்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தேதியோடு தெரிந்துகொண்டு, அதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

ஏப்ரல் வரை எந்த பி.எஃப்.ஏ.வும் அழைக்காவிட்டால் அவள் அழுவாள்; அன்று தீர்ப்பு எதுவும் சொல்லாதீர்கள். ஒரு பி.ஏ.வில் சேர்ந்து அங்கேயே மேடை ஏறலாம். அல்லது ஒரு வருடம் பாலேயிலும் குரலிலும் போட்டு அடுத்த நவம்பரில் மறுபடி தேர்வுக்குப் போகலாம். இரண்டாவது வழி என்றால், சேர வேண்டிய கல்லூரியிடம் இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அந்த இடம் போய்விடுமா என்று எழுத்தில் கேட்டு, முன்பணம் கட்டுவதற்கு முன்பே பதில் வாங்கிவிடுங்கள்.