எக்செல்லில் ஒரு தேதி எந்தக் காலத்துக்குள் வருகிறது என்பதை ஃபார்முலா மூலம் கண்டறிவது எப்படி?

பங்கு விற்ற தேதிகளை வருமான வரிக் கணக்குக்காகக் காலவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2024-25 நிதியாண்டில் இதைக் கவனமாகச் செய்தே ஆக வேண்டும். பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கான குறுகிய கால மூலதன ஆதாய வரி 2024 ஜூலை 23 முதல் 15 சதவீதத்திலிருந்து 20 ஆகவும், நீண்ட கால வரி 10-லிருந்து 12.5 ஆகவும் உயர்ந்தது. ஒரே ஒரு நாள் பிசகினாலும் வரித்தொகை மாறிவிடும்.

விற்ற தேதி ஏ2 செல்லில் இருந்தால், பழைய வரி விகிதத்துக்கான சோதனை இது (எக்செல்லில் தட்டும்போது செல், ஃபார்முலா பெயர்களை A2, AND, DATE என ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்):

=ஆண்ட்(ஏ2>=டேட்(2024,4,1), ஏ2<டேட்(2024,7,23))

உள்ளே வந்தால் ட்ரூ, வராவிட்டால் ஃபால்ஸ். இரண்டாவது பாதியைப் பலரும் ‘ஜூலை 22 வரை’ என்று, அதாவது <=டேட்(2024,7,22) என எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிறது. 2024 ஜூலை 22 அதன் கணக்கில் 45495. நேரம் அதனுடன் பின்னமாகச் சேரும். தரகரின் அறிக்கையில் நேரமும் பதிவாகியிருந்தால், அன்று பிற்பகல் 2.30-க்கு விற்ற பங்கு 45495.604 ஆகிவிடும். 45495-ஐ அது தாண்டிவிட்டது, 45496-ஐ இன்னும் எட்டவில்லை. பழைய காலத்திலும் சேராது, புதிய காலத்திலும் சேராது. செல்லில் தேதி மட்டும் தெரிகிறபோது இதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாது. அதனால்தான் அடுத்த காலம் தொடங்கும் நாளை வைத்து ‘அதற்குக் குறைவு’ என்று எழுதச் சொல்கிறேன்.

ஃபார்முலாவுக்குள் டேட் இல்லாமல் 23-7-2024 என்று நேராகத் தட்டினால் எக்செல் அதைக் கழித்து மைனஸ் 2008 ஆக்கிவிடும். பிழை என்று எதுவும் காட்டாது.

முன்கூட்டிய வரிக்காக ஆதாயத்தை ஐந்து காலங்களாகவும் காட்ட வேண்டுமே, அதற்கு ஆண்ட் வேண்டாம். ஈ2 முதல் தொடக்க நாள்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: 1-4-2024, 16-6-2024, 16-9-2024, 16-12-2024, 16-3-2025. ஆறாவதாக 1-4-2025 சேர்த்து, அதற்கு எதிரே ‘அடுத்த ஆண்டு’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் விற்பனையும் ஐந்தாம் காலத்தில் விழும். காலங்களின் பெயர்கள் பக்கத்து எஃப் வரிசையில் இருக்கட்டும்.

=லுக்அப்(ஏ2, $ஈ$2:$ஈ$7, $எஃப்$2:$எஃப்$7)

இவற்றுக்கெல்லாம் முன்பு =இஸ்நம்பர்(ஏ2) போட்டுப் பாருங்கள். ஃபால்ஸ் என்றால் அது தேதியே அல்ல, எழுத்து. அதிலும் 13 முதல் 31 வரையுள்ள நாள்கள் மட்டும் எழுத்தாக நின்றால், உங்கள் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது என்று பொருள். அப்போது ட்ரூ காட்டும் தேதிகளையும் நம்பக் கூடாது. 5-6-2024 சத்தமில்லாமல் மே 6 ஆகியிருக்கும். அந்தக் கோப்பை மூடிவிட்டு, தேதி வரிசைக்கு நாள்-மாதம்-ஆண்டு முறையைத் தேர்ந்தெடுத்து மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள்.