பதின்மூன்றில் ஒருவன்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எனக்குச் சின்ன ரப்பர் தோட்டம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நான் படிக்கும்போது வகுப்புக்கு இரண்டு பிரிவு. இப்போது பத்தாம் வகுப்பிலேயே 13 பேர்தான். தேர்ச்சியும் 100லிருந்து 92க்கு இறங்கிவிட்டது. எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டத்தில் ஏன் இப்படி? மகளை அங்கே சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகள் குறைந்ததில் மர்மம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் பிறக்கிறது. அதையும் மெட்ரிக் பள்ளி வேன் முற்றத்தில் வந்து ஏற்றிக்கொள்கிறது. எழுத்தறிவு 91.75 சதவீதம் என்பது 2011 கணக்கெடுப்பு. இன்னும் எத்தனை காலம் மேடையில் சொல்வோம், விடுங்கள்.

அந்த 92தான் என்னைத் தூங்கவிடவில்லை. 13 பேரில் 12 பேர் தேறினால் 92.3. தோற்றது ஒரே ஒரு பிள்ளை! டி.ஆர்.சி., அதாவது பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து ரப்பர் பால் விற்கிறவர் நீங்கள். எதில் எத்தனை என்று கேட்க உங்களுக்குமா சொல்லித்தர வேண்டும்? 200 பேர் எழுதும் பள்ளியில் ஒருவன் தோற்றால் அரை சதவீதம். இங்கே ஏழரைக்கும் மேல். நூறு சதவீதம் என்று ஃபிளெக்ஸ் கட்டிய பள்ளிகளில் போய்க் கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாவது எத்தனை பேர் எழுதினார்கள்? கேட்கமாட்டீர்கள். யாரும் கேட்பதில்லை.

அந்த ஃபிளெக்ஸுக்காகக் கழிக்கப்பட இருந்தவன் நான். ஒன்பதாம் வகுப்பு முடிவில் தலைமை ஆசிரியர் அம்மாவை வரச்சொன்னார். அண்டி ஆபீசிலிருந்து, முந்திரி ஆலையிலிருந்து, நேராக வந்தாள். கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு வெந்து கறுத்த விரல்களை முந்தானைக்குள் ஒளித்தபடி நின்றாள். “டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க. இவன் எழுதினா எனக்க ரிசல்ட்டு போவும்” என்றார். நீட்டிய தாளை வாங்கினால் விரல் தெரியுமே என்றுதான் அவள் கை நீட்டவில்லை என்று இன்றும் நினைக்கிறேன். “பய எழுதட்டும் சாரே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எழுதினேன். கணக்கில் தோற்றேன். அவர் சொன்னது பலித்தது. அடுத்த தடவை 35, சரியாக 35.

மகளைச் சேருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, அது இது என்று யாராவது சொல்வார்கள், அதெல்லாம் அப்புறம். சேர்க்கப் போகும் அன்று அந்தப் பதின்மூன்றாவது பிள்ளை துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்றா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.