பல் கிளினிக்கில் டாக்டர் குறிப்பு எழுதும் முன்பே பில் போடச் சொன்னால் போடலாமா? பிரச்சினை வந்தால் யார் மாட்டுவார்கள்?

போடக் கூடாது. நான் போட்டேன், மாட்டினேன். அதனால்தான் இந்தப் பதில்.

நீங்கள் விவரம் அதிகம் சொல்லவில்லை. ஆனாலும் காட்சி எனக்குத் தெரிகிறது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு மாதம் ஆகியிருக்கும். மாலை ஏழு மணி, உட்கார இடமில்லை. ஒருவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு "பில் ஆச்சாம்மா?" என்று நிற்கிறார். டாக்டர் அதற்குள் அடுத்தவர் வாய்க்குள் போய்விட்டார். "நீ போட்டுடு, நான் ராத்திரி எழுதிக்கிறேன்" என்று உள்ளிருந்தே குரல் வருகிறது. கிட்டத்தட்ட இதுதானே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. 14 வருடமாகப் பல் கிளினிக்கில் வேலை. முதல் மூன்று வருடம் டாக்டர் பக்கத்தில் உதவியாளராக நின்றேன், பிறகு முன்மேசை, பில், இன்சூரன்ஸ் எல்லாம். டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கதையில் பெரும் தப்பு என்னுடையதுதான். "ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று சொல்ல வருபவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வரவும்.

நடந்தது இது. ஒரு அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் முடிந்து, கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) மாட்டியாகிவிட்டது. டாக்டர் கதவை முதுகால் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் மாஸ்க், இரண்டு கையிலும் கிளவுஸ். "கீழ ஆறாம் பல்லு, கேப், போட்டுடு" என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் என்று காட்ட மணிக்கட்டின் பின்புறத்தால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். தொட்டது அவருடைய இடது கன்னத்தை. அவருக்கு எதிரே நின்ற எனக்கு அது வலப்பக்கம். நான் 46 என்று அடித்தேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு: பல் எண்ணில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்லும். நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாம் இலக்கம் முன்பல்லின் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 36 கீழ் இடது, 46 கீழ் வலது. ஒரே ஒரு இலக்கம். அமெரிக்க முறையோ இன்னும் வேடிக்கை, அங்கே 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணிக்கொண்டே போவார்கள். நமக்கு 18 என்றால் மேல் வலது ஞானப்பல். அவர்களுக்கு அதே 18 கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப் பல். சாஃப்ட்வேரில் எந்த முறை வைத்திருக்கிறது என்று பார்க்காமல் எண் அடித்தால் வாயின் எதிர்மூலைக்கே போய்விடும். நீங்கள் நாளைக்கு முதல் வேலையாக அதைப் பார்த்துவிடுங்கள்.

அன்று இரவு டாக்டர் சொன்னபடியே குறிப்பு எழுதினார். சரியாக 36 என்றே எழுதினார். பில்லில் 46. இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. இன்சூரன்ஸிலிருந்து பணமும் வந்துவிட்டது.

ஏழு மாதம் கழித்து அதே அம்மா வலது பக்கம் வலி என்று வந்தார். நிஜமான 46. ரூட் கேனால், கேப் வேண்டும் என்று முன் அனுமதிக்கு அனுப்பினோம். மறுத்துவிட்டார்கள். அவர் பாலிசியில் ஒரு பல்லுக்கு ஒருமுறை கேப் கொடுத்தால் ஐந்து வருடத்துக்கு மறுபடி கிடையாது. "46-க்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே" என்று பதில். அந்தக் கடிதத்தை அவர் கவுண்டரில் வைத்து, வீங்கின கன்னத்தோடு கேட்டார்: "இந்தப் பக்கம் எனக்குக் கேப்பே கிடையாதேம்மா. யார் வாயில போட்டுட்டு என் பேர்ல காசு வாங்கினீங்க?"

கத்தவில்லை, அமைதியாகத்தான் கேட்டார். அதுதான் உறுத்தியது.

இந்த இடத்தில் நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். "பல் எண் தவறாகக் குறிக்கப்பட்டது, சரியான எண் 36, சிகிச்சைக் குறிப்பும் எக்ஸ்ரேயும் இணைப்பு." திருத்திய கிளெய்ம் அனுப்பப் பொதுவாக இன்சூரன்ஸில் வழி உண்டு, அவர்களுக்கு இது தினசரி வரும் காகிதம். நான் என்ன செய்தேன்? பயந்துபோய்ப் பழைய பில்லைத் திறந்து, 46-ஐ அழித்து 36 என்று போட்டு, அதே பில் எண், அதே தேதியோடு புதிதாகப் பிரிண்ட் எடுத்து, முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது போல அனுப்பினேன். கேட்டால் "உங்கள் பக்கம் தவறாக ஏறியிருக்கலாம்" என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. புத்திசாலித்தனம்!

அவர்களிடம் பழைய பில் இருக்காதா? இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு பில், இரண்டிலும் வேறு வேறு பல். அடுத்த வாரம் கடிதம் வந்தது. இந்த அம்மாவோடு சேர்த்து 11 பேருடைய குறிப்பு, எக்ஸ்ரே, ஒப்புதல் படிவம், பில், கூடவே சாஃப்ட்வேரின் மாற்றப் பதிவு எல்லாம் வேண்டும் என்று.

மாற்றப் பதிவு என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். யார், எந்த நேரத்தில், எதை எதுவாக மாற்றினார் என்று சாஃப்ட்வேர் தன்பாட்டுக்கு எழுதி வைத்திருக்கும். அதில் இருந்த பெயர் என் பெயர் இல்லை, டாக்டர் பெயர். ஏனென்றால் எங்கள் கிளினிக்கில் எல்லாருக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருந்தது. நான் மாற்றிய அன்று மாலை 7:42-க்கு டாக்டர் விமானத்தில் இருந்தார். விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தார்! வானத்தில் பறந்துகொண்டிருந்தவர் கிளினிக்கில் உட்கார்ந்து பில்லைத் திருத்தியதாகக் காகிதம் சொல்கிறது. இதைப் பார்க்கிற ஆடிட்டர் என்ன நினைப்பார்?

யார் மாட்டுவார்கள் என்று கேட்டீர்களே. முதலில் கையெழுத்துக்கும் லாகினுக்கும் உரியவர். கிளெய்ம் போவது டாக்டர் பெயரில்தான். பிறகு, நடந்ததை நான் ஒத்துக்கொண்டதும், நானும். இரண்டு பேருமே மாட்டினோம்.

எங்களைக் காப்பாற்றியது அன்று இரவே எழுதிய அந்தக் குறிப்புதான். 36, வேருக்குள் வேலை செய்த நீளம், உள்ளே நிரப்பிய பொருள், கேப்பின் நிறம், அடுத்து எப்போது வரவேண்டும், எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை என்றும் அதே மாற்றப் பதிவே சொன்னது. ஓபிஜி (வாய் முழுவதும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே) ஒன்று புதிதாக எடுத்தோம். அந்தப் படத்தின் ஓரத்தில் வலது, இடது குறி இருக்கும். இடது ஆறாம் பல்லின் வேர்களில் வெள்ளையாக இரண்டு மூன்று கோடுகள், மேலே கேப். வலது ஆறில் சொத்தை மட்டும். அதைப் பார்த்தபின் பேச என்ன இருக்கிறது? டாக்டர் ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். மற்ற பத்துப் பேருடையதில் பெரிய குறை எதுவும் இல்லை. நாலு மாதம் இழுத்தது. அந்த நாலு மாதத்தில் அந்த அம்மாவின் 46 தற்காலிக அடைப்போடு காத்திருந்தது.

"தெரியாமல் செய்த தவறு எப்படி மோசடி ஆகும்?" என்று கேட்பீர்கள். ஒரு தடவை எண் மாறினால் பெரும்பாலும் ஆகாதுதான். ஆனால் தெரியாது என்று கையை விரிப்பது எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவில் 1863-லேயே வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசுப் பணம் சம்பந்தப்பட்ட கிளெய்முக்கு அது பொருந்தும். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை, உண்மையா பொய்யா என்று பார்க்காமல் அலட்சியமாக அனுப்பியிருந்தாலே போதும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதும் முன் பில் போடுவது அந்த அலட்சியத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

வேண்டுமென்றே செய்கிறவர்கள் கதை வேறு. இரண்டு பக்கம் அடைத்த பல்லுக்கு மூன்று பக்கம் என்று பில். சாதாரண ஸ்கேலிங் செய்துவிட்டு ஈறுக்கு அடியில் செய்யும் டீப் கிளீனிங் என்று பில். இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டீப் கிளீனிங் என்றால் ஈறு அளவு (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கின் ஆழம், மில்லிமீட்டரில்) எழுதியிருக்க வேண்டும், ஒரு பல்லுக்கு ஆறு இடம். 28 பல் இருந்தால் 168 எண். நான் உதவியாளராக இருந்தபோது டாக்டர் "மூணு ரெண்டு மூணு, மூணு ரெண்டு நாலு" என்று சொல்லச் சொல்ல எழுதிக் கை ஓய்ந்திருக்கிறேன். நிஜ வாயில் எண் முன்னே பின்னே ஆடும். நான் கொஞ்ச நாள் வேலை பார்த்த வேறொரு இடத்தில் வருகிறவர்கள் எல்லாருக்கும் 5-4-5, 5-4-5. தாத்தாவுக்கும் அதே, கல்லூரிப் பையனுக்கும் அதே. அங்கே மூன்று மாதத்துக்கு மேல் நான் இருக்கவில்லை.

டெம்ப்ளேட் ஒட்டுவதும் இதே வியாதிதான். "மரத்துப்போகும் ஊசி 1.8 மில்லி, நோயாளி நலம்" என்று எல்லாருக்கும் ஒரே பத்தி. ஊசியே போடாதவருக்கும் ஊசி போட்டதாக இருக்கும். ஆறு பல் போனவருக்கு 32 பல்லும் இருப்பதாக இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் இறந்தவர்களை அடையாளம் காணப் பல் பதிவுகள்தான் பெரிதும் கைகொடுத்தன. அப்படிப்பட்ட காகிதத்தில் இல்லாத பல்லை இருப்பதாக ஒட்டுகிறோம்.

நோயாளிகளும் சும்மா இல்லை, சொல்லியே ஆகவேண்டும். "போன மாசத் தேதி போட்டுக் குடுங்களேன், இந்த வருஷ லிமிட் முடிஞ்சிருச்சு" என்பார்கள். அல்லது கேப்புக்கு அளவு எடுத்த அன்றே மாட்டியதாகப் பில் கேட்பார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் திரும்ப வராமலே போனால்? எங்கள் அலமாரியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாடல் மேல் உட்கார்ந்தபடி ஒரு கேப் வருடக்கணக்காக இருக்கிறது. நல்ல வேளையாக அதற்கு மாட்டியதாகப் பில் போடவில்லை.

இவ்வளவும் பார்க்கிற முன்மேசைக்காரர்களுக்கு என்ன மரியாதை தெரியுமா? வசூல் கூடினால் டாக்டர் கைராசி. கிளெய்ம் திரும்பினால் "பில்லிங் மிஸ்டேக்". எங்கள் வரவேற்பறைச் சுவரில் கிளினிக்கின் பத்தாம் ஆண்டுப் படம் மாட்டியிருக்கிறது. துப்புரவு அக்காவிலிருந்து ஒரு மாதம் மட்டும் இருந்த ட்ரெய்னி வரை எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நான் இல்லை. எடுத்ததே நான்தான், இன்னொரு தடவை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது: டாக்டரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள், கோபம்தான் வரும். "சார், பல் எண்ணும் செஞ்ச வேலையும் ரெண்டு வரி மட்டும் இப்பவே அடிச்சிடுங்க, மீதியை ராத்திரி எழுதிக்கலாம். அந்த ரெண்டு வரியைப் பார்த்துத்தான் பில் போடுவேன்" என்று கேளுங்கள். எங்கள் டாக்டர் இப்போது கிளவுஸைக் கழற்றியதும் அதைத்தான் முதலில் செய்கிறார், அரை நிமிஷம் ஆகிறது. உங்களுக்கென்று தனி லாகின் கேட்டு வாங்குங்கள். தவறு கண்ணில் பட்டால் பழையதை அழிக்காதீர்கள். காகிதமாக இருந்தால் ஒரே கோடு அடித்து, அடித்தது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி, கையெழுத்து. வெள்ளை மை வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டராக இருந்தால் இன்றைய தேதியில் திருத்தக் குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். அதிகமாக வந்த பணம் இருந்தால் அவர்கள் கேட்கும் முன் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். இதற்கும் டாக்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வேலை பாருங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்கள் நிலைமை உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா இன்னும் எங்களிடம்தான் வருகிறார். 46-க்குக் கேப் போட்ட அன்று பில்லுக்காகக் கவுண்டருக்கு வந்தவர், நான் கீபோர்டில் கை வைக்கும் முன்பே என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வலது கையைத் தூக்கிக் காட்டி, "இப்ப ரெண்டு பேருக்கும் வலது ஒரே பக்கம்தானேம்மா? இந்தப் பக்கம், எழுதிக்கோ" என்றார்.